மண்டபம் சொல்லும் தேதியில் கல்யாணம்!

ஜாதகம் பொருந்திவிட்டது. பெண்ணும் பையனும் காபி ஷாப்பில் உட்கார்ந்து பேசிச் சம்மதம் சொல்லிவிட்டார்கள். ஜோசியர் நாலு தேதி குறித்துக் கொடுத்திருக்கிறார். சென்னைக் கல்யாணத்தில் இதற்கு அப்புறம்தான் கஷ்டமே தொடங்குகிறது. நாலு தேதியையும் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனால், மேனேஜர் டைரியைப் புரட்டிவிட்டு நாலும் புக் ஆகிவிட்டது என்பார். மறுபடி ஜோசியர் வீடு. அவரும் அனுபவஸ்தர்தான். எந்தத் தேதியில் மண்டபம் காலி என்று முதலில் கேட்டுக்கொண்டு வாருங்கள், அதில் நல்ல நாளாகப் பார்த்துத் தருகிறேன் என்பார்.

நாள் ஏன் கிடைப்பதில்லை என்பது பஞ்சாங்கத்தைப் புரட்டினாலே தெரியும். ஆடியில் கல்யாணம் கிடையாது. மார்கழியும் கிடையாது. புரட்டாசியைப் பெருமாளுக்கென்று விட்டுவிட்டவர்கள் பலர். மீதி மாதங்களில் தேய்பிறை வேண்டாம், செவ்வாய் வேண்டாம், சனி வேண்டாம், மணமக்களில் ஒருவருக்கும் சந்திராஷ்டமம் இருக்கக்கூடாது. இவ்வளவையும் கழித்தபின் மிஞ்சுவது சொற்பம். ஐ.டி. வேலையில் இருக்கும் பிள்ளைகள் கேட்கும் 'ஞாயிற்றுக்கிழமையாகப் பாருங்கள்' என்பதையும் இதோடு சேர்த்தால், தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய நாட்கள்தான். வளர்பிறை முகூர்த்தமும் ஞாயிறும் சேர்ந்து வரும் நாளுக்கு நல்ல மண்டபம் வேண்டுமென்றால் ஒரு வருடம் முன்பே அட்வான்ஸ் கட்டியிருக்க வேண்டும். நிச்சயதார்த்தத்துக்கு முன்பே மண்டபத்தை நிச்சயம் செய்கிற குடும்பங்களும் உண்டு.

இதை மண்டபக்காரர்களின் பேராசை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. வருடத்தின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கிற கட்டடம் அது. அந்தச் சில நாட்களின் வாடகையில்தான் வருடம் முழுவதற்குமான சம்பளம், சொத்து வரி, பராமரிப்பு எல்லாம் நடக்க வேண்டும். 2020-ல் கொரோனா ஊரடங்கில் கல்யாணங்கள் நின்றபோது, கோடம்பாக்கம் ராகவேந்திரா திருமண மண்டபத்துக்கு மாநகராட்சி கேட்ட 6.5 லட்சம் ரூபாய் சொத்து வரியை எதிர்த்து ரஜினிகாந்தே உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நீதிமன்றம் கண்டித்ததும் வழக்கை வாபஸ் வாங்கி வரியைக் கட்டினார். சூப்பர் ஸ்டார் மண்டபமானாலும் காலியாகக் கிடந்தால் செலவு செலவுதான்.

மூன்று மணி முதல் மூன்று மணி வரை

ஒரு காலத்தில் மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் கல்யாணம் வீட்டு வாசலில்தான் நடந்தது. தெருவை அடைத்துப் பந்தல் போடுவார்கள். விருந்தாளிகள் எதிர்வீட்டுத் திண்ணையிலும் பக்கத்து வீட்டுக் கூடத்திலும் படுத்துக்கொள்வார்கள். சமையல் கொல்லைப்புறத்தில். வாடகை என்ற பேச்சே இல்லாததால் சடங்குகள் நாள்கணக்கில் நீண்டன. தனி வீடுகள் அடுக்குமாடிகளாகி, திண்ணை பார்க்கிங் ஆனபோது கல்யாணமும் மண்டபத்துக்குக் குடிபெயர்ந்தது.

மண்டபத்தில் நேரத்துக்குக் காசு. சென்னையில் பொதுவான கணக்கு, முதல் நாள் பிற்பகல் மூன்று மணிக்குச் சாவி. மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்குக் காலி. இந்த இருபத்துநாலு மணி நேரத்துக்குள் நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு, நிச்சயதார்த்தம், வரவேற்பு, முகூர்த்தம், கல்யாணச் சாப்பாடு எல்லாமும் அடங்க வேண்டும். ஊரார் வரவேற்புக்கு வர வசதியான நேரம் மாலை. முகூர்த்தமோ காலையில். வாடகைக்கு எடுத்த இருபத்துநாலு மணி நேரத்தில் மாலைதான் முதலில் வருகிறது. ஆகவே தாலி கட்டுவதற்கு முந்தின நாளே மணமக்கள் கோட் சூட்டும் லெஹங்காவுமாக மேடையில் நின்று பரிசு வாங்குகிறார்கள். இப்போது இது சம்பிரதாயம் மாதிரி ஆகிவிட்டது. எந்தச் சாஸ்திரத்தில் தேடினாலும் கிடைக்காது. என்னைக் கேட்டால், இரண்டாம் நாள் வாடகையை மிச்சம் பிடிக்க நினைத்த ஏதோ ஒரு தகப்பனார்தான் இதற்கு ஆதிகர்த்தா.

ஆகவே மண்டபம் பார்க்கப் போகும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, சாவி எத்தனை மணிக்குக் கையில் வரும் என்பதுதான். மூன்று மணி என்று சொல்லி, முந்தைய கல்யாணக்காரர்கள் காலி செய்ய நாலரை ஆனால், ஏழு மணி வரவேற்புக்கு மேடை அலங்காரம் செய்கிறவர் என்ன செய்வார்? காலையில் ஒரு பார்ட்டி, மாலையில் ஒரு பார்ட்டி என்று அரை நாள் கணக்கில் விடுகிற இடங்களில் இந்த ஆபத்து அதிகம்.

கிளாம்பாக்கம் மாற்றிய கணக்கு

வரவேற்பும் கல்யாணமும் சென்னையில் நடந்தாலும் சொந்தபந்தம் பாதிக்கு மேல் வெளியூர். எல்லாரும் வந்து இறங்க வசதி என்று வடபழனி, கோடம்பாக்கம், கோயம்பேடு பக்கம் மண்டபம் பார்ப்பதுதான் ரொம்ப நாள் வழக்கம். கோயம்பேட்டில் இறங்கினால் ஆட்டோவில் பத்து நிமிடம். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபிறகு அந்தக் கணக்கு உடைந்துவிட்டது. மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வருகிற அத்தை விடியற்காலையில் வண்டலூர் அருகே இறங்குகிறார். அங்கிருந்து மயிலாப்பூர் வந்து சேர்வதற்குள் முகூர்த்தம் முடிந்துவிடலாம். தெற்கத்தி உறவு அதிகமுள்ள வீட்டார் தாம்பரம், பெருங்களத்தூர், ஊரப்பாக்கம் பக்கம் பார்வையைத் திருப்புவது நியாயம்தான். ரயிலில் வருகிறவர்களுக்கும் தாம்பரம் வசதி. கோவை, சேலம் பக்கத்து உறவு என்றால் சென்ட்ரலை வைத்து யோசிக்க வேண்டும். உள்ளூர் நண்பர்களும் ஆபீஸ்காரர்களும் மாலை வரவேற்புக்கு மட்டும் வருகிறவர்கள். அவர்களுக்குக் கிண்டியைத் தாண்டுவதே ஒரு யாத்திரை. இரண்டு கூட்டத்தில் எதற்கு முதலிடம் என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட்டால், பாதி மண்டபங்கள் தாமாகவே பட்டியலிலிருந்து கழன்றுவிடும்.

இரண்டாம் கட்ட மெட்ரோ வேலை நடக்கிற சாலைகளை மறந்துவிடக் கூடாது. கூகுள் மேப்பில் ஞாயிறு காலை பார்த்த தூரத்துக்கும் வெள்ளி மாலை ஏழு மணித் தூரத்துக்கும் சம்பந்தமில்லை. எந்த மண்டபத்தையும், வரவேற்பு நடக்கப்போகிற அதே கிழமையில், அதே நேரத்தில் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவது உத்தமம். பார்க்கிங் உண்மையில் எத்தனை கார் கொள்ளும், மீதி வண்டிகள் எந்தத் தெருவில் நிற்கின்றன, அந்தத் தெருக்காரர்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

நகரத்தின் நடுவில் மண்டபங்கள் குறைந்துகொண்டே வருவதையும் சொல்ல வேண்டும். அண்ணா சாலையில் தேனாம்பேட்டையில் ஆப்பட்ஸ்பரி என்றால் ஒரு காலத்தில் பெரிய வீட்டுக் கல்யாணம் என்று அர்த்தம். இன்று அந்த இடத்தில் ஹயாத் ரீஜென்சி நட்சத்திர ஓட்டல் நிற்கிறது. கோயம்பேட்டில் விஜயகாந்தின் ஆண்டாள் அழகர் திருமண மண்டபத்தின் ஒரு பகுதி 2007-ல் மேம்பாலத்துக்காக இடிக்கப்பட்டது. அது அரசியல் புயலாகவே ஆயிற்று. மிஞ்சியது தே.மு.தி.க. தலைமை அலுவலகமாக இருக்கிறது. ராதாகிருஷ்ணன் சாலையில் ஏவிஎம் ராஜேஸ்வரி மாதிரியான பழைய பெயர்களுக்குத் தனி மவுசு இருந்தது. ஆனால் புதிதாகக் கட்டுகிறவர்கள் இடம் தேடிப் போவது வானகரம், ஓ.எம்.ஆர்., ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம். தி.நகரில் ஒரு கிரவுண்டு விற்கிற விலைக்கு, வருடத்தின் பெரும்பகுதி சும்மா கிடக்கிற கட்டடம் யாருக்கும் கட்டுப்படியாகாது.

சும்மா என்று முழுக்கவும் சொல்லிவிட முடியாது. 2022 ஜூலை 11-ல் அ.தி.மு.க. பொதுக்குழு கூடியது வானகரத்துக் கல்யாண மண்டபத்தில். 2017 கடைசி நாளில் ரஜினி அரசியலுக்கு வருவதாகச் சொன்னது ராகவேந்திரா மண்டபத்தில். சாலை மறியல் செய்து கைதாகிறவர்களைப் போலீஸ் அடைத்துவைத்து மாலையில் விடுவிப்பதும் கல்யாண மண்டபத்தில்தான். வெள்ளம் வந்தால் மக்கள் தங்குவதும் அங்கேதான்.

பந்திதான் பரீட்சை

மண்டபம் பார்க்கப் போகிறவர்கள் நேராக ஹாலுக்குள் போய் மேடையைப் பார்க்கிறார்கள், மேலே சரவிளக்கைப் பார்க்கிறார்கள், ஏசி எத்தனை டன் என்று கேட்கிறார்கள். மேனேஜரும் விளக்கையெல்லாம் போட்டுக் காட்டுகிறார். என் யோசனை, முதலில் மாடிக்கோ அடித்தளத்துக்கோ போய்ச் சாப்பாட்டுக் கூடத்தைப் பாருங்கள். சென்னை மண்டபங்களில் சறுக்கல் நேர்வது பெரும்பாலும் அங்கேதான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். வரவேற்புக்கு 800 பேர் வருகிறார்கள். டைனிங் ஹாலில் ஒரு பந்திக்கு 200 பேர். இலை போட்டு, பரிமாறி, சாப்பிட்டு, எடுத்து, மேஜையில் பேப்பர் மாற்றி அடுத்த பந்தி உட்கார 40 நிமிடம். நாலு பந்திக்கு 2 மணி 40 நிமிடம் ஆகிறது. ஏழரைக்கு வந்தவர்கள் ஒன்பதரைக்குக் கிளம்ப நினைப்பார்கள். கடைசிப் பந்தி முடியும்போது மணி பத்தைத் தாண்டிவிடும். இதனால்தான் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவர் மோருக்கு வந்துவிட்டாரா என்று எட்டிப் பார்க்கிற காட்சியை எல்லாரும் பார்த்திருக்கிறோம். வருகிறவர்களில் மூன்றில் ஒரு பங்கினராவது ஒரே பந்தியில் உட்கார இடம் வேண்டும். மேல்தளத்து ஹாலில் 1,000 நாற்காலி இருந்து, கீழே 150 பேர்தான் சாப்பிடலாம் என்றால் அது 450 பேருக்கான மண்டபம். வாடகை மட்டும் ஆயிரம் பேருக்கு.

பஃபே வைத்துவிடலாமே என்பார்கள் இளைஞர்கள். வைக்கலாம், கூட பந்தியும் வைக்க வேண்டியிருக்கும். வேட்டி கட்டிய பெரியப்பா ஒரு கையில் தட்டையும் ஒரு கையில் தண்ணீர் பாட்டிலையும் பிடித்துக்கொண்டு நிற்க மாட்டார். முழங்கால் வலியோடு வரும் பாட்டிகளை நினைத்து, லிஃப்ட் இருக்கிறதா, கரண்ட் போனால் ஜெனரேட்டரில் லிஃப்ட் ஓடுமா என்றும் கேட்டுவிட வேண்டும். விளக்கும் ஃபேனும் மட்டும் ஓடுகிற ஜெனரேட்டர்கள் நிறைய.

மேடைக்கும் இதே கணக்கு பொருந்தும். 800 பேர் என்றால் ஏறக்குறைய 250 குடும்பம். ஒரு குடும்பம் ஏறி, வாழ்த்திக் கவர் கொடுத்து, போட்டோவுக்குச் சிரித்து இறங்க 40 விநாடி என்று வைத்தாலும் இரண்டே முக்கால் மணி நேரம். ஆக, மேடைக்கு ஏறும் படி ஒருபக்கமும் இறங்கும் படி மறுபக்கமும் இருக்க வேண்டும். ஒரே படி என்றால் நெரிசல் நிச்சயம். சரவிளக்கு இதற்கு ஒன்றும் செய்யாது.

வாடகை என்பது ஆரம்பம்

பேசிய வாடகைக்கும் கடைசியில் கட்டுகிற தொகைக்கும் நடுவே ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. மின்சாரம் யூனிட் கணக்கில் தனி. ஜெனரேட்டர் ஓடினால் டீசல் தனி, சில இடங்களில் மணிக் கணக்கு. க்ளீனிங் தனி. கேஸ் தனி. குப்பை தனி. பாத்திரம் குறைந்தால் பிடித்தம். வாசல் வாட்ச்மேனிலிருந்து லிஃப்ட் இயக்குபவர் வரை 'கவனிக்க' வேண்டியது தனி. வாடகைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. சாப்பாட்டையும் இடத்தையும் ஒரே ஆளிடம் பேக்கேஜாக எடுத்தால் வரிக் கணக்கே மாறும். ஆகவே கொட்டேஷன் எதுவானாலும் வரியோடு சேர்த்து எழுதி வாங்க வேண்டும். மண்டபத்துக்குள் நுழைந்ததும் மேனேஜரோடு நின்று மின் மீட்டர் ரீடிங்கைக் குறித்து, செல்போனில் ஒரு படமும் எடுத்துவிடுங்கள். இதைச் செய்யக் கூச்சப்பட்டவர்கள்தான் பிறகு சண்டை போடுகிறார்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று ராயல்டி. மண்டபத்தின் ஒப்பந்தக்காரர் அல்லாமல் வெளியிலிருந்து சமையல்காரரையோ அலங்காரக்காரரையோ அழைத்துவந்தால், அதற்காக மண்டபத்துக்குத் தனியே கட்ட வேண்டிய தொகை. பேச்சுக்கு அதைச் சமையல்காரர் கட்டுவார் என்பார்கள். அவர் கைக்காசிலிருந்தா கட்டுவார்? இலைக்கு இவ்வளவு என்று ஏற்றி நம் தலையில்தான் வைப்பார். சமையலுக்கு நம் ஆள் வேண்டும் என்று உறுதியாக இருக்கிறவர்கள், வெளி ஆளுக்கு அனுமதி உண்டா, ராயல்டி எவ்வளவு என்பதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பேசிவிட வேண்டும். கொடுத்தபிறகு பேச நம்மிடம் ஒன்றும் இருக்காது. அட்வான்ஸ் திரும்பாது என்று ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். கல்யாணம் தள்ளிப்போனால் வேறு தேதிக்கு மாற்றித் தருவார்களா என்பதை நல்ல எழுத்திலேயே எழுதி வாங்கலாம். தகராறு என்று வந்தால் நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. அங்கே பேசுவது காகிதம்தான்.

'சைவம் மட்டும்' என்ற பலகையையும் இங்கே சொல்லியாக வேண்டும். தட்டில் பிரியாணி இல்லாமல் கல்யாணமே இல்லை என்கிற குடும்பங்கள் இந்த நகரத்தில் லட்சக்கணக்கில். அவர்களுக்கு நகரின் மையத்தில் பாதிக் கதவுகள் அந்தப் பலகையிலேயே சாத்திக்கொள்கின்றன. உரிமையாளர் தன் இடத்தில் தனக்குப் பிடித்த விதியை வைத்துக்கொள்கிறார் என்று வாதிக்கலாம். ஆனால் சாப்பாட்டின் பெயரால் யார் உள்ளே வருகிறார், யார் வருவதில்லை என்பதும் சேர்ந்தே தீர்மானமாகிவிடுகிறது. அது யாருக்கும் தெரியாத ரகசியமும் அல்ல. மதுவைப் பொறுத்தவரை குழப்பமில்லை. 2023-ல் திருமண மண்டபங்களிலும் சிறப்பு உரிமத்தோடு மது பரிமாறலாம் என்று அரசு விதியைத் திருத்தியது. கிளம்பிய எதிர்ப்பில் உடனேயே திருமண மண்டபங்களை அதிலிருந்து எடுத்துவிட்டது.

வெளியே போகும் வழி

2004 ஜனவரி 23. ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தலில் முகூர்த்த நேரத்தில் தீப்பிடித்தது. மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். தமிழ்நாட்டில் மண்டபம் தேடுகிற யாரும் அந்தக் காலையை மறந்துவிட்டுத் தேடக்கூடாது. தீயணைப்புத் துறையின் சான்று நடப்பில் இருக்கிறதா என்று கேட்டால் மேனேஜர் ஒருமாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும். இரண்டாவது மாடிப்படி எங்கே இருக்கிறது, அதன் கதவு பூட்டியிருக்கிறதா, அந்தப் படியில் வாடகைப் பாத்திரமும் உடைந்த நாற்காலியும் அடுக்கியிருக்கிறதா என்று நடந்து போய்ப் பாருங்கள். ஹாலைத் துணியால் மூடி அலங்கரிப்பது இப்போது நாகரிகம். வெளியேறும் வழியின் பலகையையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள்.

நட்சத்திர ஓட்டலில் இதற்கு நேர்மாறான சங்கடம். அங்கே புகை உணரும் கருவி கூரை முழுவதும் இருக்கும். ஹோமம் வளர்த்துச் சாஸ்திரிகள் நெய்யை விட ஆரம்பித்ததும் அலாரம் அலறும். அனுமதி உண்டா, எந்த ஹாலில், எவ்வளவு நேரம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

2022 ஜூனில் நயன்தாராவும் விக்னேஷ் சிவனும் மாமல்லபுரத்தில் கடலோர ஓட்டலில் கல்யாணம் செய்துகொண்டபிறகு, ஈ.சி.ஆர். ஆசை நடுத்தரக் குடும்பங்களையும் தொட்டிருக்கிறது. ஆசையில் தவறில்லை. அது ஜூன் மாதம் என்பதைக் கவனித்தால் போதும். நம் முகூர்த்தங்களில் கணிசமானவை ஐப்பசியிலும் கார்த்திகையிலும். அதுதான் சென்னையின் மழைக்காலம். 2015 வெள்ளம், 2016 வர்தா புயல், 2023 மிக்ஜாம் புயல் எல்லாம் டிசம்பரில் வந்தவை. திறந்தவெளி லான் எடுக்கிறவர்கள், மழை வந்தால் அதே வளாகத்தில் மூடிய ஹால் தருவார்களா, அதற்கு இன்னொரு வாடகையா என்று கேட்டுவிட வேண்டும்.

இவ்வளவும் பெரிய கல்யாணத்தின் கவலைகள். கொரோனா காலத்தில் ஐம்பது பேருக்கு மேல் கூடக்கூடாது என்றபோது சென்னை முழுவதும் கல்யாணங்கள் ஐம்பது பேரோடு நடக்கத்தான் செய்தன. யாருடைய தாலியும் செல்லாமல் போகவில்லை. கட்டுப்பாடு நீங்கியதும் எண்ணிக்கை பழையபடி ஏறியது. மொய் எழுதிய வீடுகளை எப்படி விடுவது என்ற கவலை சட்டத்தைவிடப் பலமானது.

ஆனாலும் வேறு வழியில் போகிறவர்கள் கூடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வடபழனி முருகன் கோயிலில் முகூர்த்த நாளில் அடுத்தடுத்துக் கல்யாணம் நடக்கும். காலையில் அங்கே தாலி கட்டி, மதியம் பக்கத்தில் ஒரு ஓட்டலின் சின்ன ஹாலில் நூறு பேருக்குச் சாப்பாடு போட்டு முடிப்பவர்கள் உண்டு. மாநகராட்சியின் சமுதாய நலக்கூடங்களின் வாடகை, தனியார் மண்டபங்களோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். பெரும்பாலும் ஏசி இருக்காது, சில இடங்களில் கழிப்பறையை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. மாலையும் மோதிரமும் மாற்றிக்கொள்கிற சுயமரியாதைத் திருமணத்துக்கு இந்துத் திருமணச் சட்டத்தில் 1967-ல் அண்ணா ஆட்சியில் கொண்டுவந்த 7ஏ பிரிவு இருக்கிறது. அதற்கு ஊரறிய அறிவிப்போ பெரிய விழாவோ கட்டாயமில்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எந்த இடத்தில், எந்த முறையில் நடந்தாலும் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும். கன்வென்ஷன் சென்டரில் மூவாயிரம் பேர் முன்னால் தாலி கட்டியவரும் கோயில் பிரகாரத்தில் முப்பது பேரோடு கட்டியவரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரே வரிசையில்தான் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருப்பார்கள்.